முப்பத்தொரு முழங்கால்

திங்கட்கிழமை மூன்றாவது பீரியடுக்கு எட்டாம் வகுப்புக்குள் நுழைந்த அறிவியல் டீச்சர் வாசலிலேயே நின்றுவிட்டாள். வகுப்பில் முப்பத்தெட்டுப் பிள்ளைகள். அதில் முப்பத்தொரு பேர் மேசைமேல் ஒரே மாதிரி முழங்கால் நின்றுகொண்டிருந்தது.

ஒரே மாதிரி என்றால், அச்சில் வார்த்த மாதிரி. ஒரு முழ உயரத்தில் தெர்மாகோல், அதன்மேல் வெளிர் ரோஸ் வண்ணம், நடுவே வெள்ளையாக இரண்டு எலும்பு முனைகள், அவற்றுக்கு முன்னால் பாதி எலுமிச்சம்பழம் போல ஒட்டி வைத்த சில்லு. பாகத்துக்கு ஒரு குண்டூசி, குண்டூசிக்கு ஒரு சீட்டு, சீட்டில் முத்து முத்தான எழுத்து. முப்பத்தொரு சீட்டிலும் 'முழங்கால்ச் சிள்ளு' என்றே எழுதியிருந்தது. தப்பில்கூட ஒற்றுமை.

பள்ளிக்கூடத்தில் அவளுக்கு எலும்பு டீச்சர் என்று பெயர். ஒடிசலான உடம்பைப் பார்த்து வைத்த பெயர் என்று புதுப் பிள்ளைகள் நினைத்தார்கள். பழைய பிள்ளைகளுக்கு விஷயம் தெரியும். வருஷம் முழுக்கப் பாடம் நடத்தினாலும் எலும்பும் மூட்டும் வரும்போதுதான் அவள் முகத்தில் ஒரு களை வரும். இரண்டு வாரத்துக்கு முன்னாலேயே சொல்லிவிட்டாள்: கடையில் எதுவும் வாங்கக் கூடாது, வீட்டில் கிடக்கிற அட்டை, துணி, நூல் போதும், அழகெல்லாம் வேண்டாம். முழங்கால் பின்னால் மடங்கவேண்டும், முன்னால் மடங்கக்கூடாது. அவ்வளவுதான் வேலை.

"எல்லாரும் உங்க முழங்காலை மடக்கிக் காட்டுங்க," என்றாள்.

யாரும் கை வைக்கவில்லை.

"மடங்காது டீச்சர். பசை போட்டு ஒட்டியிருக்கு," என்றான் கடைசி பெஞ்சு நெட்டையன்.

"யாரு ஒட்டினது?"

முன்வரிசை ரெட்டைச் சடைக்காரி மட்டும் சொன்ன சொல்லைத் தட்டாமல் தன்னுடையதை மடக்கிப் பார்த்தாள். படக்கென்று இரண்டாக ஒடிந்தது. "அம்மா திட்டுவாங்க டீச்சர்," என்று அழ ஆரம்பித்தாள்.

மிச்சம் ஏழு பேர். மூன்று பேர் மறந்துவிட்டார்கள். ஒருவன் படம் வரைந்து வந்திருந்தான். ஒருத்தி தம்பியின் பொம்மையிலிருந்து காலைப் பிடுங்கி வந்திருந்தாள். ஒருவனுடைய அட்டை முழங்கால் முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் ஆடியது, குடித்துவிட்டு வந்தவன் மாதிரி. கடைசியாக இறைச்சிக் கடைக்காரர் மகள் எழுந்து ஒரு பிளாஸ்டிக் டப்பாவை நீட்டினாள்.

"இது மடங்கும் டீச்சர்."

டப்பாவுக்குள் ஆட்டின் பின்னங்கால் மூட்டு. சுத்தமாகக் கழுவி, சதையை வழித்தெடுத்து, நார்களை மட்டும் விட்டு வைத்திருந்தாள். டீச்சர் கையில் வாங்கி மெல்ல மடக்கினாள். மேலெலும்பின் உருண்டை முனை, கீழெலும்பின் தட்டில் உருண்டு, கூடவே வழுக்கிப் பின்னால் போனது. உள்ளே இரண்டு வெள்ளை நார்கள் பெருக்கல் குறி மாதிரி ஒன்றையொன்று தாண்டிப் போவது தெரிந்தது. பதினெட்டு வருஷத்தில் இப்படி ஒன்றை எந்தப் பிள்ளையும் கொண்டு வந்ததில்லை.

"எல்லாரும் கிட்ட வாங்க," என்று அவள் சொல்லி முடிப்பதற்குள் பாதி வகுப்பு பெஞ்சுமேல் ஏறி நின்று கத்தியது. ஒருவன் ஜன்னலோரம் போய் வாந்தி எடுத்தான். சத்தம் கேட்டுத் தலைமையாசிரியை வந்தார்.

"இது வகுப்பா, சந்தையா?" என்று கேட்டார். டப்பாவைப் பார்த்தார். மூக்கை மூடிக்கொண்டு பியூனைக் கூப்பிட்டார். அன்றைக்கு அந்த வகுப்பில் ஒழுங்காக மடங்கிய முழங்கால் ஒன்றே ஒன்றுதான். அது குப்பைத் தொட்டிக்குப் போனது.

பிள்ளைகள் போன பிறகு ஒரு ரோஸ் முழங்காலை எடுத்துச் சீட்டை மறுபடி பார்த்தாள். அந்த 'ழ'வின் வால் கீழே போய் ஒரு சுற்றுச் சுற்றி மேலே வந்திருந்தது. உலகத்தில் ஒரே ஒரு ஆள்தான் 'ழ'வுக்கு அப்படி வால் போடுவாள். அவளுடைய சொந்தத் தங்கச்சி.

*

தங்கச்சிக்கு முப்பத்தாறு வயசு, இரண்டு பிள்ளைகள். இருந்தும் வீட்டில் எல்லாருக்கும் அவள் குட்டிதான். பஸ் நிறுத்தத்துக்கு எதிரில் நோட்டுப் புத்தகமும் ஜெராக்ஸும் வைத்து ஒரு கடை நடத்தினாள். சாயங்காலம் டீச்சர் போனபோது கடை விட்டத்திலிருந்து இரண்டு இதயம், ஒரு எரிமலை, ஒரு சிறுநீரகம் தொங்கிக்கொண்டிருந்தன. குட்டி சூடான கம்பியால் தெர்மாகோலை அறுத்துக்கொண்டிருந்தாள்.

"வாக்கா. டீ சொல்லட்டா?"

"முழங்கால் செஞ்சியா?"

"முப்பத்தொண்ணு. இன்னும் நாலு பேர் கேட்டாங்க, ரோஸ் பெயிண்ட் தீர்ந்துபோச்சு."

"அது என் வகுப்புன்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும். அதனாலதான் பார்த்துப் பார்த்துச் செஞ்சேன்."

டீச்சருக்கு வந்த கோபத்தில் எங்கிருந்து ஆரம்பிப்பது என்றே தெரியவில்லை. "முதல்ல, சில்லுக்கு அந்த 'ளு' வராது," என்றாள்.

"அதைச் சொல்லவா பஸ் பிடிச்சு வந்தே?"

"குட்டி, அது மடங்கணும். மடங்கலைன்னா அது முழங்காலே இல்ல. தூண்."

"மடங்கினா பஸ்ல வரும்போதே கழண்டுடும்க்கா. கழண்டா அவங்க அப்பா அம்மா வந்து என் கழுத்தைப் பிடிப்பாங்க. ஒட்டினா ஒட்டின இடத்துல நிக்கும். யாருக்கும் வம்பில்ல."

"பிள்ளைங்க கையால செய்யட்டும்னுதானே நான் குடுக்கறேன்?"

"எந்தப் பிள்ளை செய்யுது? வேலை விட்டு நேரா இங்க வந்து நிக்கறாங்க. காலையில வேணுமாம், இல்லைன்னா பிள்ளை பள்ளிக்கூடம் போகாதாம். அந்த மூஞ்சிங்களை நீ பார்த்ததில்ல. பார்த்தா நீயே ஒட்டிக் குடுப்பே."

"நீ பாவம் பார்த்து என் பாடத்தைக் கெடுத்துட்டே."

குட்டி கம்பியின் சுவிட்சை அணைத்தாள். "நான் கெடுத்தேனா? போன வருஷம் நுரையீரல் செய்யச் சொன்னே. ஒரு பொண்ணுக்கு முழு மார்க் போட்டு வகுப்பையே கைதட்டச் சொன்னே. பலூன் ரெண்டும் ஊதி இறங்குமே, அந்த நுரையீரலை யாரு செஞ்சதுன்னு நெனச்சே?"

அந்த நுரையீரல் ஆசிரியர் அறை அலமாரியில் இன்னும் இருக்கிறது. வருகிறவர் போகிறவருக்கெல்லாம் அவள்தான் எடுத்துக் காட்டுவாள்: எட்டாம் வகுப்புக் குழந்தை தானே செய்தது, பாருங்கள்.

"உனக்குத் தெரியும்னு நெனச்சேன்," என்றாள் குட்டி. குரல் இறங்கியிருந்தது.

டீச்சர் இறங்கி நடந்தாள். டீக்கடைப் பையன் கொண்டு வந்த டீ மேசையில் ஆறிக்கொண்டிருந்தது.

*

வீட்டுக்குக் கொடுத்தால்தானே கடைக்குப் போகும், வகுப்பிலேயே செய்ய வைத்தால் என்ன என்று தோன்றியது. புதன்கிழமை அடுத்தடுத்து இரண்டு பீரியட் இருந்தது. செருப்புக்கடையில் காலி அட்டைப் பெட்டிகளைக் கேட்டு வாங்கினாள். நூல்கண்டு, கத்தரிக்கோல், பசை, ஒரு பெரிய பொட்டலம் ரப்பர் பேண்ட். கடையில் வாங்கியதற்கு மார்க் கிடையாது என்று சொல்லிவிட்டு, நாலு நாலு பேராகப் பிரித்து உட்கார வைத்து, கரும்பலகையில் படமும் போட்டாள்.

முதல் பத்து நிமிஷம் சொர்க்கம் மாதிரி இருந்தது. அப்புறம் அட்டையில் போட்ட ஓட்டைகள் கிழிந்தன. ரப்பர் பேண்டை இறுக்கிக் கட்டினால் அட்டை வளைந்தது, தளர்த்திக் கட்டினால் எலும்பு இரண்டும் தனித்தனியாகத் தொங்கின. ஒரு குழுவின் முழங்கால் முன்னால் மட்டும் மடங்கியது, கொக்குக் கால் மாதிரி. இன்னொரு குழு ரப்பர் பேண்டை விரலில் மாட்டி எதிர் வரிசையைச் சுட ஆரம்பித்தது. நெட்டையன் எழுந்து, "டீச்சர், நீங்க ஒண்ணு செஞ்சு காட்டுங்களேன். அதைப் பார்த்துச் செஞ்சுடறோம்," என்றான். குறும்பாகக் கேட்கவில்லை. உண்மையாகவே கேட்டான்.

அவள் செய்து பார்த்தாள். முப்பத்தெட்டுப் பேரும் பார்த்துக்கொண்டிருக்க, அவளுடைய முழங்காலும் இரண்டு பக்கமும் மடங்கியது. மறுபடி கட்டினாள். அந்தச் சமயத்தில் மணி அடித்துவிட்டது.

போகிற வழியில் தலைமையாசிரியை பிடித்துக்கொண்டார். "வெள்ளிக்கிழமை பெற்றோர் கூட்டம். அந்த ரோஸ் முழங்காலையெல்லாம் நூலகத்துல வரிசையா அடுக்கிடுங்க. பார்க்க லட்சணமா இருக்கு."

"அது எதுவும் மடங்காது மேடம்."

"அடுக்கி வைக்கறது எதுக்கு மடங்கணும்?"



*

அவள் கணவர் கதவு ஜன்னல் செய்கிற தச்சர். அன்று சாயங்காலம் அவர் வேலை முடித்து வந்தபோது கூடம் முழுக்க அட்டைத் துண்டாகக் கிடந்தது. நடுவில் மனைவி காலை நீட்டி உட்கார்ந்து, தன் முழங்காலையே அமுக்கி அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வலியா?"

"இல்ல. இது எப்படி நிக்குதுன்னு பார்க்கறேன்."

அவர் கொஞ்ச நேரம் பார்த்தார். போய்ப் பட்டறையிலிருந்து ஒரு கதவுக் கீல் கொண்டு வந்து இரண்டு மரத்துண்டில் அடித்துக் கொடுத்தார். "இந்தா. ஒரு பக்கம்தான் மடங்கும். இதுக்கா இவ்வளவு பாடு?"

"முழங்கால் கதவு இல்லைங்க. கதவு ஒரே ஆணியில சுத்தும். இது உருளுது, வழுக்குது, மடங்கினா கொஞ்சம் திரும்பவும் செய்யுது."

"உங்க புத்தகத்துலதான் கீல் மூட்டுன்னு போட்டிருக்கே."

"சுருக்கமா சொல்லணும்னு போட்டிருக்காங்க."

"அப்போ புத்தகமும் வேண்டாம், நானும் வேண்டாம். என்னமோ பண்ணு," என்று அவர் குளிக்கப் போய்விட்டார்.

அந்த நேரம் பார்த்துத்தான் குட்டி வந்தாள். சமாதானத்துக்கு வரவில்லை, வாசலிலேயே தெரிந்தது.

"இன்னிக்கு மட்டும் நாலு பேர் கடையில வந்து சத்தம் போட்டுட்டுப் போனாங்க. டீச்சர் மார்க் போடமாட்டாங்களாம், பொருளைத் திருப்பி எடுத்துக்கோன்னு. ரெட்டைச் சடை போட்ட பொண்ணோட அம்மா ஒடிஞ்சுபோச்சுன்னு வந்து நிக்கறாங்க. நீ வகுப்புல பிள்ளைங்களைத் திட்டினதுக்கு என் கடையில வந்து ஏன் கத்தறாங்க? மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போட்ட கதையால்ல இருக்கு?"

"முழங்காலுக்கும் முழங்காலுக்கும்தான் முடிச்சு. அதுதான் எனக்குப் போட வரலை," என்றாள் டீச்சர். சொல்லிக்கொண்டே ஒரு ரப்பர் பேண்டை எடுத்து இழுத்தாள். அது அறுந்து கன்னத்தில் அடித்தது.

குட்டிக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். பையைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தாள். அட்டை முழங்காலை வாங்கி இரண்டு தடவை ஆட்டிப் பார்த்தாள்.

"உள்ள இருக்கற அந்த நாரெல்லாம் இழுத்தா நீளுமா?"

"நீளாது. அதுக்காகத்தானே அது இருக்கு."

"அப்புறம் எதுக்கு ரப்பர் போட்டே?"

டீச்சர் அவளைப் பார்த்தாள். பதினெட்டு வருஷமாக வகுப்பில் அவள் சொல்லி எழுத வைக்கிற வரி அது: 'மூட்டு நார்கள் எளிதில் நீளாத வலுவான கயிறுகள் போன்றவை.' வாயால் அதைச் சொல்லிவிட்டு, கையால் முப்பத்தெட்டுப் பேருக்கு ரப்பர் பேண்ட் பங்கு வைத்திருக்கிறாள். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று யாராவது சொல்லியிருந்தால்கூட இவ்வளவு சுட்டிருக்காது.

"பாவாடை நாடா இருக்கா?" என்று கேட்டாள் குட்டி.

நாடா வந்தது. அட்டையை நாலு மடிப்பாக ஒட்டிக் கெட்டியாக்கினாள். மேலெலும்பின் முனையை வட்டமாகவும் கீழெலும்பைத் தட்டையாகவும் வெட்டினாள். டீச்சர் சொல்லச் சொல்ல, ஒரு நாடா மேலே பின்பக்கத்திலிருந்து கீழே முன்பக்கத்துக்கு. இன்னொன்று மேலே முன்பக்கத்திலிருந்து கீழே பின்பக்கத்துக்கு. பின்னால் அகலமாக ஒரு துணி, கால் நேராக இருக்கும்போது விறைப்பாக நிற்கிற அளவில். முன்னால் ஒரு நூல், நடுவில் சட்டைப் பொத்தான். அதுதான் சில்லு. இருபது நிமிஷம். குட்டி மடக்கினாள். மேலெலும்பு உருண்டு, வழுக்கி, பின்னால் போனது. நேராக்கினாள். முன்னால் தள்ளினாள். பின்பக்கத் துணி இறுகி, போகமாட்டேன் என்று நின்றது. மேலே நூலை இழுத்ததும் கால் தானாக நீண்டது.

குளித்துவிட்டு வந்த கணவர் "அட" என்றார்.

டீச்சருக்குச் சந்தோஷம் வரவேண்டிய இடம் அது. வந்தது எரிச்சல்தான். இது ஏன் மடங்குகிறது என்று குட்டிக்குத் தெரியாது. தெரிந்தவளுக்கு மடங்க வைக்கத் தெரியவில்லை. கடைசியில், "நாளைக்கு ஒரு பீரியட் வா. பிள்ளைங்களுக்கு நீயே காட்டு," என்றாள்.

"நானா? எட்டாவதுல அறிவியல் பெயிலானவ நான்."

"எட்டாவதுக்குத்தான் கூப்பிடறேன்."

*

வியாழக்கிழமை குட்டி கடையைத் தன் கணவரிடம் விட்டுவிட்டு வந்தாள். வகுப்பில் பாதிப் பேருக்கு அவளைத் தெரிந்திருந்தது. "கடை அக்கா" என்று கிசுகிசுத்தார்கள், சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அவள் யாரையும் தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ளவில்லை. அட்டையை எப்படிப் பிடிப்பது, கத்தரியைத் திருப்பாமல் அட்டையை ஏன் திருப்பவேண்டும், பசை காயும்வரை எங்கே அமுக்குவது என்று ஒவ்வொரு மேசையாகக் குனிந்து காட்டினாள். பிள்ளைகள் அவள் வாயைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தார்கள். டீச்சர் சுவரோரம் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தன் வகுப்பில் இத்தனை அமைதியை அவள் பார்த்ததில்லை. அதுவும் உறுத்தியது.

முதலில் மடங்கியது ரெட்டைச் சடைக்காரியுடையது. "அக்கா, மடங்குது," என்று குட்டியிடம் ஓடினாள். டீச்சரைத் தாண்டித்தான் ஓடினாள்.

நெட்டையன் தன்னுடையதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "முன்னால ஏன் போகமாட்டேங்குது?" என்று கேட்டான்.

"அதை உங்க டீச்சரைக் கேளு. எனக்குக் கட்டத்தான் தெரியும்," என்றாள் குட்டி.

எல்லாரும் திரும்பினார்கள். டீச்சர் நடுவில் வந்தாள். எல்லாரையும் எழுந்து நேராக நிற்கச் சொல்லி, முழங்காலுக்குப் பின்னால் கையை வைத்துப் பார்க்கச் சொன்னாள். "விறைப்பா இருக்கா? இப்போ லேசா மடக்குங்க. தளருதா?" பிறகு பெஞ்சு விளிம்பில் உட்கார்ந்து, காலை மடக்கி வைத்துக்கொண்டு பாதத்தை மட்டும் இடமும் வலமும் திருப்பச் சொன்னாள். திரும்பியது. "காலை நல்லா நீட்டி, முழங்காலை இறுக்கிக்கிட்டுத் திருப்புங்க. தொடை அசையக்கூடாது." திரும்பவில்லை. "ஏன்?" என்று கேட்டாள். இறைச்சிக் கடைக்காரர் மகள் கையைத் தூக்கினாள். "நீட்டினா நாரெல்லாம் இறுகிடுது டீச்சர். இறுகினா திரும்ப விடாது." அந்த டப்பா போனதிலிருந்து அந்தப் பெண் வாயே திறக்காமல் இருந்தாள்.

அதற்குள் மணி. கணக்கு வாத்தியார் வாசலில் வந்து நின்று கடிகாரத்தைப் பார்த்தார். எண்ணிப் பார்த்தால் பதினோரு முழங்கால் மடங்கியது. மிச்சம் பசை காயாமல் பைக்குள் போயின. இன்னும் அரைமணி இருந்திருந்தால் என்று டீச்சர் சொன்னாள். அரைமணி யார் தருவார்?

வெள்ளிக்கிழமை நூலகத்தில் ரோஸ் முழங்கால்கள் வரிசையாக நின்றன. தலைமையாசிரியை ஒடிந்ததைக்கூட ஒட்ட வைத்து நிறுத்தியிருந்தார். மேசைக் கோடியில் டீச்சர் பதினோரு அட்டை முழங்கால்களை வைத்துவிட்டு, 'தொட்டுப் பாருங்கள்' என்று எழுதியும் வைத்தாள். அவள் ஒரு தகப்பனிடம் பேசிவிட்டுத் திரும்புவதற்குள் பியூன் அவற்றை உடைந்த சாமான் என்று நினைத்துப் பெட்டியில் போட்டு மாடிப்படிக்குக் கீழே வைத்துவிட்டார். பெற்றோர்கள் ரோஸ் முழங்கால்களுக்குப் பக்கத்தில் பிள்ளைகளை நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டார்கள்.

மார்க்கை அவள் தன் இஷ்டப்படிதான் போட்டாள். தன் காலை மடக்கி நீட்டி, எது எப்போது இறுகுகிறது என்று யார் சொன்னார்களோ அவர்களுக்கு. மாடல் எதையும் பார்க்கவில்லை. இறைச்சிக் கடைக்காரர் மகள்தான் முதல். இரண்டு அம்மாக்கள் புகார் எழுதிக் கொடுத்தார்கள். தலைமையாசிரியை அதைக் கோப்பில் வைத்துவிட்டு, "அடுத்த வருஷம் இதெல்லாம் வேண்டாமே," என்றார், சலிப்பாக.

*

சனிக்கிழமை சாயங்காலம் டீச்சர் கடைக்குப் போனபோது விட்டத்தில் எதுவும் தொங்கவில்லை. கல்லாவுக்கு மேலே ஒரு அட்டை: 'பாகங்கள் மட்டும். வெட்டி ஒட்டித் தரப்படமாட்டாது.'

"என்ன இது?"

"சும்மா. ஒரு வாரம் பார்க்கலாம்னு." குட்டி அவள் முகத்தைப் பார்க்காமல் நோட்டுகளை அடுக்கினாள். "இத்தனை வருஷம் எத்தனையோ செஞ்சு குடுத்திருக்கேன். வாங்கிட்டுப் போற பிள்ளை எதுவும் அன்னிக்கு அந்தப் பொண்ணு ஓடிவந்த மாதிரி ஓடிவந்ததில்ல. அவ்வளவுதான். நீ ஒண்ணும் சொல்லாதே."

அப்போது வேலையிலிருந்து நேராக வந்தவர் போல, கையில் சாப்பாட்டுப் பையோடு ஒருவர் ஏறி வந்தார். திங்கட்கிழமைக்குள் மகனுக்கு ஜீரண மண்டலம் வேண்டுமாம்.

"அட்டை தர்றேன், குழாய் தர்றேன், எப்படின்னு காகிதத்துல வரைஞ்சும் தர்றேன்," என்றாள் குட்டி. "உங்க பையன் ஒட்டட்டும். பக்கத்துல உட்கார்ந்திருங்க, போதும்."

அவர் ஆறாக ஓடிய வியர்வையைத் துடைத்துக்கொண்டு அட்டையைப் பார்த்தார், குழாயைப் பார்த்தார். "ரெடியா இல்லையாம்மா?" என்றார்.

"இல்லைங்க."

அவர் இறங்கிப் போனார். இரண்டு பஸ் போகும்வரை ஓரத்தில் காத்திருந்து, ரோட்டைத் தாண்டினார். எதிரில் போன மாதம் இதே மாதிரி ஒரு கடை திறந்திருந்தார்கள்.

"காலையிலேர்ந்து இவர் ஆறாவது ஆள்," என்றாள் குட்டி. "ஒரு வாரம்தான்க்கா. அதுக்கு மேல என்னால முடியாது."

"சரி," என்றாள் டீச்சர். அடுத்த வாரம் என்ன ஆகும் என்று இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தது.

எதிர்க்கடைக்காரர் ஒரு குடலைக் கீழே இறக்கி அந்த மனிதருக்குத் திருப்பித் திருப்பிக் காட்டினார். டியூப்லைட் வெளிச்சத்தில் அது பளபளத்தது. குட்டி எட்டிப் பார்த்து, "வேலை சுத்தமாத்தான் இருக்கு," என்றாள்.